சின்னம்மாவின் தலையில் நின்ற கொக்கு

வள்ளத்துக்குப் பூசும் வெள்ளைப் பெயின்ற்றின் மணமும், மாரியில் நனைந்து காயாமல் கிடக்கும் தடித்த சீலையின் புழுங்கல் மணமும் ஒன்றாக வந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது கடலும் அல்ல, வள்ளமும் அல்ல; ஒரு கொக்கு. ஒரு காலைத் தூக்கி மடித்து, மற்றக் காலை என் சின்னம்மாவின் உச்சந்தலையில் ஊன்றி, பின்னால் ஒரு ஏரியையும் கோட்டையையும் வைத்துக்கொண்டு, எங்களை எல்லாம் சட்டை செய்யாமல் நின்ற கொக்கு. அதைக் கீறியவர் என் அம்மா. அது அங்கே போய் நின்றதற்குக் காரணம் நான். முதல் விஷயம் ஊருக்கே தெரியும். இரண்டாவது விஷயத்தை முப்பது வருடங்கள் ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

எங்கள் அப்பா ஊர்காவற்றுறையில், ஜெற்றிக்குப் போகிற தெருவில், ஒற்றை அறை ஸ்ரூடியோ ஒன்று வைத்திருந்தார். எண்பத்தைந்து, எண்பத்தாறாம் ஆண்டுகளில் பட்டணத்து ஸ்ரூடியோக்களுக்கு எல்லாம் கலர்ப் படம் வந்துவிட்டது. அப்பாவோ மூன்று காலில் நிற்கும் மரப்பெட்டிக் கமெராவையும் அதன் பின்னால் தொங்கும் கறுப்புத் துணியையும் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தார். அந்தத் துணிக்குள் தலையை நுழைத்தால் கண்ணாடியில் உலகம் தலைகீழாகத் தெரியும். ஒருநாள் நானும் நுழைந்து பார்த்தேன். கதிரையில் இருந்த விதானையார் வௌவால் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு அது பழகிப்போன காட்சி. ஆளின் கண் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார், "ஆடாதையுங்கோ" என்பார், தானும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

கதிரைக்குப் பின்னால் சுவரை மறைத்துத் தொங்கிய பெரிய படத்தை நாங்கள் "சீன்" என்று சொல்வோம். பாய்மரத்துக்குத் தைக்கும் தடித்த சீலையில் எண்ணெய் வர்ணத்தால் கீறியது. ஓர் ஏரி, ஏரிக்கு அப்பால் கூர்க் கோபுரங்கள் வைத்த கோட்டை, ஓரத்தில் காற்றில் இடப்பக்கம் சாய்ந்த ஒரு மரம், தண்ணீரில் இரண்டு அன்னங்கள். கீறியவர் பட்டணத்தில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிய ஒருவர். அவர் அந்த ஏரியையும் கண்டதில்லை, அன்னத்தையும் கண்டதில்லை. ஆனால் எங்கள் ஊரில் கடலுக்கு நடுவில் உண்மையாகவே ஒரு கோட்டை நிற்பதால், படம் எடுக்க வரும் கிழவர்களில் பாதிப்பேர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "உது எங்கடை கடற்கோட்டைதானே, கூரை மட்டும் புதுசாப் போட்டிருக்கு" என்று தங்களுக்குள் முடிவு கட்டிக்கொள்வார்கள். அப்பா மறுத்துச் சொல்லமாட்டார். வந்தவரின் முகம் மலர்ந்திருந்தால் படம் நன்றாக வரும் என்பது அவருடைய கணக்கு.

அம்மாவின் வேலை அதற்குப் பிறகு தொடங்கும். கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கையால் நிறம் ஏற்றுவார். விரல் அளவுக் குழாய்களில் எண்ணெய் வர்ணங்கள் வைத்திருந்தார். ஈர்க்கு நுனியில் பஞ்சைச் சுற்றி, கன்னத்துக்கு ஒரு துளி சிவப்பு, சங்கிலிக்கு ஒரு துளி மஞ்சள், சேலைக்கு அவரவர் சொன்ன நிறம் என்று தொட்டுத் தொட்டு வைப்பார். கோட்டுக்கு வெளியே ஒரு மயிரிழை போகாது. ஆனால் கோடே இல்லாத வெறும் இடத்தில் அம்மா ஒரு புல்லைக்கூடக் கீறியதில்லை. கலர்ப் படம் எடுக்க ஆட்கள் பட்டணத்துக்குப் போகத் தொடங்கிய பிறகு அந்தக் குழாய்கள் அலுமாரியின் மேல்தட்டில் சும்மா கிடந்தன.

எண்பத்தைந்து மாரியில் ஸ்ரூடியோக் கூரையில் இரண்டு ஓடு விலகி, தண்ணீர் சீனின் மேல் வழிந்தது. மழை விட்டதும் பார்த்தால், ஏரியின் நடுவில் ஒரு சுளகு அளவுக்குக் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஓர் அன்னத்துக்குத் தலை போய்விட்டது; மற்றது அடியோடு காணாமற்போய்விட்டது. கதிரையில் ஆளை இருத்தினால் அந்தக் கறை சரியாகத் தலைக்கு மேலே வந்து நிற்கும். புதிதாக ஒரு சீன் கீறுவிப்போம் என்றால் அந்தப் பெயர்ப்பலகைக்காரர் ஊரில் இல்லை. அவரும் வெளிநாடு போய்விட்டார். அப்பா சில நாள் கதிரையைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார். எங்கே வைத்தாலும் அரைவாசிக் கறை தெரிந்தது.

வேறு ஒரு காலமென்றால் அதோடு விட்டிருப்பார்கள். அப்போது விட முடியாமல் இருந்ததற்குக் காரணம் தவம் சின்னம்மா.

தவம் சின்னம்மா அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தார், கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை. முப்பத்திரண்டு வயதாகியும் கல்யாணம் சரிவரவில்லை. இரண்டு இடம் சாதகத்தோடு நின்றது. மூன்றாவது இடத்துக்குப் படம் போனது. அதில் சின்னம்மா கண்ணை மூடிவிட்டார், தலைக்கு மேலே அந்தக் கறை புகைபோல நின்றது. மறுமொழியே வரவில்லை. சின்னம்மா அதைச் சிரிப்பாகத்தான் சொல்லித் திரிந்தார்: "கண்ணை மூடிக்கொண்டு மழைமுகிலுக்குக் கீழை இருக்கிற பொம்பிளையை ஆர் கட்டுவினம், அக்கா?" ஆனால் அவர் படுக்கிற அறையின் சுவரில் ஒரு கண்ணாடி தொங்கியது, அதைத் திருப்பிச் சுவரைப் பார்க்க வைத்துவிட்டார். ஏனென்று நாங்கள் கேட்கவில்லை.

தை பிறந்ததும் நாலாவது இடம் வந்தது. மாப்பிள்ளை இறுப்பிட்டி ஆள், ஜேர்மனியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. சாதகம் பொருந்திவிட்டது, படம் ஒன்றுதான் கேட்டார்கள். எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன் மாசியில் ஜேர்மனிக்குப் போக இருந்தான், அவன் கையில் கொடுத்து விடலாம் என்று பேச்சு. சின்னம்மாவைப் பட்டணத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கலர்ப் படம் எடுப்போம் என்று அம்மா சொன்னபோது அப்பா சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "என்ரை மச்சாளின்ரை கல்யாணப் படத்தை வேறை ஆரும் எடுக்கிறதெண்டால் நான் கமெராவைக் கடலுக்கை போடுறன்" என்றார். எனவே கறையை மறைப்பது என்று தீர்மானமானது.

எதனால் மறைப்பது? திரும்பவும் அன்னம் கீற அம்மாவுக்குத் துணிவில்லை. கண்ணால் காணாததை எப்படிக் கீறுவது என்றார். நான் மீன்கொத்தி கேட்டேன். நீலமும் செம்மஞ்சளுமாக எவ்வளவு வடிவு! மீன்கொத்திக்குப் பெயின்ற் போதாது, கறைக்கு மீன்கொத்தி போதாது என்று அம்மா மறுத்துவிட்டார். "கொக்குத்தான் சரி. நெடுகக் காணுற பறவை. பெயின்ற்றும் கிடக்கு." குழாய்களில் இருந்த வர்ணம் இவ்வளவு பெரிய வேலைக்குப் போதாதென்பதால், பக்கத்து வீட்டு வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய வெள்ளையை ஒரு பால்மாப் பேணியில் வாங்கி வைத்திருந்தார். நான் முகத்தை நீட்டிக்கொண்டேன். பதினொரு வயதில் எனக்கு அது கொஞ்ச நஞ்ச ஏமாற்றம் அல்ல.

கொக்கு எங்கே நிற்க வேண்டும் என்று குறிப்பதற்கு அம்மா என்னைத்தான் கதிரையில் இருத்தினார். சின்னம்மாவின் உயரம் வரவேண்டும் என்று எனக்குக் கீழே இரண்டு தலையணை வைத்து, என் தலைக்கு மேலே ஒரு சாண் விட்டு, அங்கே கொக்கின் கால் வரவேண்டும் என்று சோக்கால் ஒரு கோடு இழுத்தார். அப்படியென்றால் படத்தில் கொக்கு தூரத்தில், ஏரித் தண்ணீருக்குள் தனியாக நிற்பதுபோல் தெரியும். அம்மாவின் யோசனையில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அவர் சோக்கை எடுக்கத் திரும்பிய நேரத்தில் நான் ஒரு தலையணையை உருவி, கதிரைக்குப் பின்னால் போட்டுவிட்டேன். மீன்கொத்தி கீறாத கோபம். அதற்கு மேல் எனக்கு ஒரு திட்டமும் இருக்கவில்லை. அம்மா திரும்பி, என் தலையைப் பார்த்து, கோட்டை இழுத்தார்.

பிறகு நடந்தவற்றைப் பார்த்தால், எண்ணெய் வர்ணத்தில் ஒரு பறவை கீறுவது எவ்வளவு கரைச்சலான வேலை என்று விளங்கும். கறையை நீலத்தால் மூடிவிட்டு, அம்மா அன்றைக்கே அதன் மேல் வெள்ளையை வைத்தார். வெள்ளை நீலத்தோடு குழம்பி, தோய்த்துக் காயப்போட்ட சாரம் மாதிரி ஆனது. எல்லாவற்றையும் வழித்து எடுத்து, திரும்ப நீலம் பூசி, அது காயட்டும் என்று ஐந்து நாள் காத்திருந்தார். அடுத்தமுறை வெள்ளை நின்றது, ஆனால் கொக்கு நிற்கவில்லை. கடதாசியில் வெட்டி ஒட்டியது மாதிரித் தெரிந்தது. அரை நாள் அதையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, வயிற்றுக்கு அடியிலும் கழுத்து வளைவிலும் சாம்பலும் நீலமும் கலந்து ஒரு மெல்லிய நிழல் வைத்தார். கொக்கு உருண்டு திரண்டு எழுந்தது. "வெள்ளை வெள்ளையாத் தெரிய வேணுமெண்டால் பக்கத்திலை கொஞ்சம் ஊத்தை வேணும், பிள்ளை" என்று அம்மா சொன்னபோது அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

இடையில் எழுவைதீவிலிருந்து ஒரு மீன்பிடிகாரர் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்திருந்தார். சுவரோரம் கிடந்த மர வாங்கில் இருந்துகொண்டு, வெற்றிலை போட்டபடியே சோக்குக் கோட்டில் நின்ற கொக்கைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். "பிள்ளை, குறை நினைக்காதை. மரம் அங்காலை சாயுது, அப்ப காத்து இஞ்சாலை இருந்து அடிக்குது. உன்ரை கொக்கு காத்துக்கு முதுகு காட்டிக்கொண்டு நிக்குது. அப்பிடி நிண்டால் சிறகெல்லாம் கிளம்பிப்போடும். கொக்கு காத்துக்கு முகம் குடுத்துத்தான் நிக்கும்." அம்மா துணியை எடுத்து அழித்து, கொக்கை வலப்பக்கம் திருப்பினார். கடைசியாக, கண் வைத்தார். படங்களுக்குக் கண் திருத்திப் பழகிய கையல்லவா, கொக்குக்கும் மணியான ஒரு கண், நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு, தூக்கிய காலுக்கு நல்ல ஒரு முழங்கால். சின்னம்மா வந்து பார்த்துவிட்டு, "என்னைவிட வடிவாயிருக்கு. உதையே அனுப்புங்கோவன்" என்றார்.

படம் எடுக்கிற நாள், ஜேர்மனிக்குப் போகிற பெடியன் பின்னேரப் பஸ்ஸில் புறப்படுகிற நாளாகவே அமைந்துவிட்டது, ஏனென்றால் கொக்கு அதற்கு முதல்நாள்தான் காய்ந்தது. சின்னம்மா அரக்கு நிறச் சேலை உடுத்து, கதிரையில் நிமிர்ந்து இருந்தார். அம்மா சீப்போடு பக்கத்தில் நின்றார். அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் கொக்கு தலையை விட்டு விலகித் தண்ணீருக்குள் அழகாகத்தான் நின்றது. நேர் எதிரே நின்ற அப்பாவோ கறுப்புத் துணிக்குள், தலைகீழாக. அவருக்கு இருந்த ஒரே பயம் சின்னம்மா கண்ணை மூடிவிடுவார் என்பது. மூடவில்லை. அப்பா வெளியே வந்து, "திறந்தபடிதான்! திறந்தபடிதான்!" என்று ஏதோ தேர்தலில் வென்றதுபோலச் சொல்லிவிட்டு இருட்டறைக்குள் ஓடினார். நிறம் ஏற்ற நேரமில்லை. பாதி காய்ந்த படத்தைக் கடித உறையில் வைத்து, சைக்கிளில் போய், பஸ் வெளிக்கிடும்போது பெடியனின் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் வீட்டுக்கென்று ஒரு பிரதி எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஈர்க்கில் பஞ்சைச் சுற்றினார், படத்தைப் பார்த்தார், ஈர்க்கைக் கீழே வைத்தார். "இஞ்சேருங்கோ" என்று அப்பாவைக் கூப்பிட்ட குரலில் நான் விறைத்துப் போனேன். அப்பா வந்தார். இரண்டு பேரும் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொக்கு ஏரியில் நிற்கவில்லை. சின்னம்மாவின் வகிட்டில், கிரீடம் வைத்ததுபோல, காலூன்றி நின்றது.

"நீங்கள் காணேல்லையே?" என்றார் அம்மா.

"எனக்கு அவ தலைகீழாயெல்லோ தெரிஞ்சவ. கொக்கு அவவுக்குக் கீழை கிடந்தது" என்றார் அப்பா.

சின்னம்மா வாங்கிப் பார்த்தார். கண்ணீர் வழியும்வரை சிரித்தார். பிறகு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அங்கிருந்து வந்த சத்தம் சிரிப்பு அல்ல என்பது பதினொரு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். அந்தத் தலையணையைப் பற்றி அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. கடிதம் பறந்துவிட்டது, நிறுத்துவதற்கு எங்கள் வீட்டில் ரெலிபோனும் இல்லை.

மூன்று மாதம். அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டார். சின்னம்மா சங்கக்கடைக்குப் போய் வந்தார். தபாற்காரர் எங்கள் படலையைக் கடந்து போகும் ஒவ்வொரு நாளும் நான் வேலிக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னால் ஒரு மனுசிக்கு வாழ்க்கை போகப்போகிறது என்று நான் உறுதியாக நம்பினேன். படுக்கும்போது அந்த ஒற்றைத் தலையணையில் தலை வைக்கப் பிடிக்காமல் கையை மடித்து வைத்துப் படுத்தேன்.

வைகாசியில் கடிதம் வந்தது, அப்பாவின் பெயருக்கு. அப்பா சத்தமாக வாசித்தார். சுகம் விசாரிப்பு, குளிர், வேலை. பிறகு: "படம் கிடைத்தது. அந்தக் கொக்கின் கால் பிழையாக இருக்கிறது. கொக்கு காலை மடித்தால் முழங்கால் பின்பக்கம்தான் போகும், மனிதருக்குப் போல முன்னுக்கு வராது. அவ்வளவு தூரத்தில் நிற்கிற கொக்கின் கண்ணும் எங்களுக்குத் தெரியாது. வேறு விசேஷம் இல்லை." அவ்வளவுதான். அப்பா தாளைத் திருப்பிப் பார்த்தார், உறைக்குள் ஊதிப் பார்த்தார். பெண்ணைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இது ஓமா, இல்லையா? அப்பா இல்லையென்றார், மரியாதையான மனிதன், நேரே சொல்லாமல் கொக்கைச் சாட்டித் தட்டிக் கழிக்கிறான் என்றார். அம்மாவுக்கோ கல்யாணப் பேச்சைவிடக் கால் பேச்சுத்தான் சுட்டது. "கொக்கு எப்பிடிக் காலை மடிக்குமெண்டு எனக்குத் தெரியாதோ?" என்று கேட்டவர், அடுத்தநாள் காலை என்னையும் இழுத்துக்கொண்டு பட்டணத்துப் பஸ்ஸில் ஏறி, மண்டைதீவுக்குக் கிட்ட, பரவைக்கடலுக்குக் குறுக்கே போகும் தாம்போதியின் நடுவில் இறங்கினார். "இதிலை ஏன் இறங்கிறியள்?" என்று கொண்டக்டர் கேட்டார். "கொக்குப் பாக்க" என்றார் அம்மா.

வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். முழங்கால் அளவுத் தண்ணீரில் ஏழெட்டுக் கொக்குகள், எல்லாம் காற்றுக்கு முகம் கொடுத்தபடி. அதில் ஒன்று மெதுவாகக் காலைத் தூக்கியது. பின்பக்கமாக மடித்தது. அம்மா பெருமூச்சு விட்டார். "மனிசன் சரியாத்தான் சொல்லியிருக்கிறார்." கொஞ்ச நேரம் கழித்து, "கண்ணும் தெரியேல்லை" என்றார். வீட்டுக்கு வந்ததும் குளிக்கக்கூட இல்லாமல் காலைத் திருத்தினார். கண்ணுக்கு மேல் வெள்ளை பூசினார்.

சின்னம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, "அத்தான், மறுமொழியை நான் எழுதிறன்" என்றார். அப்பா திடுக்கிட்டார். பேச்சு முற்றாகாமல் பெண் தானே எழுதுவது எங்கள் ஊரில் கேள்விப்படாத விஷயம். "இல்லையெண்டால் இல்லையெண்டு எனக்குத்தானே தெரியவேணும்" என்றார் சின்னம்மா. பிறகு ஒருவரும் தடுக்கவில்லை. கடித உறையை ஒட்டுவதற்கு முன்னால் எனக்கு மட்டும் காட்டினார். இரண்டு வரி: "கொக்கு அக்கா கீறியது, கால் திருத்தியாகிவிட்டது. காலைப் பற்றி எழுதினீர்கள், காலுக்குக் கீழே இருக்கிற தலையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே?"

ஆடி முடிய மறுமொழி வந்தது. அதைச் சின்னம்மா ஒருவருக்கும் வாசித்துக் காட்டவில்லை. சங்கக்கடைக்குப் போகிற சேலையோடு கிணற்றடியில் இருந்து வாசித்தார், மடித்தார், எழும்பி நேரே அறைக்குள் போனார். கண்ணாடியை இந்தப் பக்கம் திருப்பி வைக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

அடுத்த வருடம் சின்னம்மா கல்யாணத்துக்கு ஜேர்மனிக்குப் போய்விட்டார். அம்மாவுக்கு வந்த பறவை விசர் போகவில்லை. படம் எடுக்க வருகிறவர்கள் வாங்கில் இருந்துகொண்டு சொன்னதை எல்லாம் கேட்டு, பூநாரைகள் வந்தன, கடற்காகம் வந்தது, கோட்டைக்கு மேலே தூரத்தில் பறக்கிற ஒரு கூட்டம் வந்தது. அந்தக் கூட்டத்தை முதலில் கறுப்பாகக் கீறி, அது ஈ மொய்த்ததுபோல் இருக்கிறதென்று யாரோ சொல்ல, வானத்து நிறத்தையே கொஞ்சம் இருட்டாக்கித் திருப்பிக் கீறினார். எனக்காக மரக்கிளையில் ஒரு மீன்கொத்தியும் வந்தது. நான் குற்ற உணர்ச்சியோடு அதைப் பார்த்தேன்.

தொண்ணூறில் போர் வந்து, தீவை விட்டு வெளிக்கிட்டபோது அம்மா சீனைக் கழற்றிச் சுருட்டினார். சுருட்டினால் அது ஒரு பாய்மரத்தின் நீளம். வள்ளத்தில் ஆட்களுக்கே இடமில்லை. திரும்ப விரித்து, ஆணியில் மாட்டி, நனையக்கூடாதென்று மேலே ஒரு பாயையும் போர்த்துவிட்டுத்தான் வந்தார். தகரப் பெட்டியில் கொண்டுவந்த நெகட்டிவ்கள் தொண்ணூற்றைந்தில் பட்டணத்தை விட்டு ஓடியபோது எந்தத் தெருவோரத்தில் போயினவோ தெரியாது. வெகுகாலம் கழித்து ஊர்காவற்றுறைக்குப் போனபோது ஸ்ரூடியோ இருந்த இடத்தில் சீமெந்து நிலமும் அதில் கமெராவின் மூன்று கால்கள் நின்று தேய்ந்த மூன்று குழிகளும் மட்டும் இருந்தன. கூரையோ சுவரோ இல்லை. அப்பாவும் அம்மாவும் அதைப் பார்க்காமலே போய்விட்டார்கள். அது நல்லதென்றுதான் நினைக்கிறேன்.

சின்னம்மாவின் முப்பதாவது கல்யாண நாளுக்கு நான் கனடாவிலிருந்து ஜேர்மனிக்குப் போயிருந்தேன். அவர்களுடைய மகன் நிரோஷன் ஒரு ஆச்சரியம் வைத்திருப்பதாகச் சொல்லி, கேக் வெட்டிய பிறகு, மூன்றடி உயரத்தில் துணி மூடிய ஒன்றைக் கொண்டுவந்து திறந்தான். அந்தப் படம்தான். அஞ்சலட்டை அளவில் மங்கிப்போய்க் கிடந்ததைக் கணினியில் துப்புரவாக்கி, நிறம் கொடுத்து, சீலையிலேயே அச்சடித்து எடுத்திருந்தான். அரக்குச் சேலை, திறந்த கண்கள், கோட்டை, ஏரி. எல்லோரும் கைதட்டினார்கள். சித்தப்பா, அதுதான் அந்த இறுப்பிட்டி மாப்பிள்ளை, கிட்டப் போனார்.

"கொக்கு எங்கை?" என்றார்.

"அது அம்மான்ரை தலையிலை நிண்டது, அப்பா. வடிவாயில்லை எண்டு எடுத்திட்டன்" என்றான் நிரோஷன்.

சித்தப்பா போய்க் கதிரையில் இருந்தார். சின்னம்மா தன்னை அறியாமலே கையை உயர்த்தித் தன் வகிட்டைத் தொட்டுப் பார்த்தார். கல்யாணத்துக்கு முன்னால் அகதிகள் விடுதி ஒன்றில் தாங்கள் எட்டுப் பேர் ஒரு அறையில் இருந்த காலத்தில், அந்தப் படம் கைக்குக் கை போய், கொக்கின் கால் சரியா பிழையா என்று இரண்டு பக்கமாகப் பிரிந்து சண்டை பிடித்ததை, ஊரை விட்டு வந்த பிறகு அவர்கள் எல்லோரும் சேர்ந்து சத்தம் போட்டுச் சிரித்த முதல் நாள் அதுதான் என்பதை, சித்தப்பா எனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். பெண்ணைப் பற்றி எழுத வெட்கமாக இருந்தது, கொக்கைப் பற்றி எழுதக் கை வந்தது என்பார். பாவம், நிரோஷனுக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு நாளில் வேறொன்று அச்சடித்துத் தருகிறேன் என்றான்.

எனக்கு என்ன வந்ததென்று தெரியாது. "வேண்டாம், நான் கீறிறன்" என்றேன். சீனும் போய், நெகட்டிவ்களும் போய், அம்மா திருத்தித் திருத்திச் சரியாகக் கீறிய அத்தனை பறவைகளும் போன பிறகு, இந்த உலகத்தில் அம்மாவின் கையால் மிஞ்சியிருப்பது அந்த ஒரு பிழையான கொக்குத்தான். அது திரும்பி வருவதானால் ஒரு கையால்தான் வரவேண்டும் என்று பட்டது.

மறுநாள் நிரோஷன் என்னைக் கடைக்குக் கூட்டிப்போனான். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கான எண்ணெய் வர்ணப் பெட்டி ஒன்று வாங்கினோம். உள்ளே நிலக்காட்சியில் பறவை கீறுவது எப்படி என்று ஒரு மடிப்புத் தாளும் இருந்தது. காரில் வரும்போது அவன் மொழிபெயர்த்து வாசித்தான். வானமும் தண்ணீரும் காயும்வரை பறவையைத் தொடாதீர்கள். வெள்ளைப் பறவைக்கு நிழல் வையுங்கள். தூரத்துப் பறவைக்குக் கறுப்பு வேண்டாம், கண் வேண்டாம். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். எழுவைதீவு மனிதர் சொன்ன காற்று விஷயம் மட்டும் அந்தத் தாளில் இல்லை.

வரவேற்பறையில் பழைய பத்திரிகைகளை விரித்து, படத்தைக் கதிரையில் சாய்த்து வைத்துத் தொடங்கினேன். ஒரு வழியாக உடம்பு வந்தது, கழுத்து வந்தது, வயிற்றுக்கு அடியில் சாம்பல் நிழலும் வந்தது. சின்னம்மா தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் இருந்தார். அப்போதுதான், முகத்தைத் திருப்பாமல், தலையணை விஷயத்தைச் சொன்னேன். சின்னம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ரெண்டையும் எடுத்திருந்தாயெண்டால் கொக்கு முழுக்க என்ரை தலைக்குப் பின்னாலை மறைஞ்சிருக்கும்" என்றார் பிறகு. "இவர் என்னத்தை எழுதியிருப்பார்?"

தூக்கிய காலை மிகக் கவனமாக, பரவைக்கடலில் குடைக்குக் கீழே நின்று பார்த்தபடியே, பின்பக்கமாக மடித்துக் கீறினேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து, படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"கால் பிழை, பிள்ளை" என்றார்.

நான் துணியால் அதைத் துடைத்து எடுத்தேன். முழங்காலை முன்னுக்குக் கொண்டுவந்து, மனிதருக்குப் போல மடித்து வைத்தேன்.

"ம். கண்ணையும் வை."

வெள்ளைக்கு நடுவில் கறுப்பாக ஒரு கண்ணும், அந்தக் கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் பொட்டும் வைத்தேன்.

"இப்ப சரி" என்றார் சித்தப்பா.